அம்மாக்காசின் மூக்கு

செத்துப் பதினைந்து வருடமான ஒரு காசுக்கு அரசாங்கம் விழா எடுக்கப் போவதாக அச்சுக்காரர் வீட்டுக்குக் கடிதம் வந்தது. உறையைப் பிரித்தது அச்சுக்காரர் இல்லை, அவர் மனைவி. அந்த வீட்டில் எந்த உறை வந்தாலும் அவள்தான் பிரிப்பாள். கத்தரிக்கோல் எப்போதும் அவள் கையில்தானே இருக்கும்! அவள் தையல்காரி. முன்னறையில் இரண்டு தையல் இயந்திரங்களும் ஒரு வெட்டு மேசையும் போட்டு, முப்பத்தைந்து வருடமாக அந்தத் தெருவின் அங்கங்களை எல்லாம் அளந்து வைத்திருப்பவள்.

"உங்களைத்தான் கூப்பிடறாங்க," என்றாள். "பழைய காசுக்கு மரியாதை செய்யப் போறாங்களாம். நினைவு நாணயம். அதே உருவம், அதே முகம். அன்னிக்கு அச்சு வெட்டின நீங்களே மறுபடி வெட்டித் தரணுமாம்."

நாணய ஆலையில் அச்சு வெட்டி ஓய்வு பெற்று எட்டு வருடமாகிவிட்ட அச்சுக்காரர், "அப்படியா?" என்றார். அவருக்கு எதுவும் "அப்படியா"தான். வீட்டுக் கூரை பறந்து போனாலும் மேலே பார்த்து "அப்படியா?" என்று கேட்கிற மனிதர்.

இதே அரசாங்கம்தான் பதினைந்து வருடத்துக்கு முன் புதுக்காசைக் கொண்டுவந்தபோது, பழைய காசு ஒன்றுகூட யார் வீட்டிலும் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டு, பிள்ளைகளின் உண்டியலைக்கூட உடைத்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் உருக்கியது. உருக்கிய உலோகத்தில் தண்ணீர்க் குழாய்க்குத் திருகு செய்தார்கள். இருக்கும்போது ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவன் போன பிறகு சிலை வைத்து மாலை போடுவான். அது மனிதர்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நினைத்திருந்தோம், அரசாங்கத்துக்கும் இருக்கிறது. நினைவுக் காசின் மதிப்பு ஒரு பழைய காசு என்று கடிதம் சொன்னது. அதாவது எந்தக் கடையிலும் செல்லாது. அதை வாங்க நூறு புதுக்காசு கொடுக்க வேண்டும்.

அந்தப் பழைய காசுக்கு மக்கள் வைத்த பெயர் அம்மாக்காசு. அதில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் இருந்தது. தூக்கிக் கட்டிய கொண்டை, நீளக் கழுத்து, சின்ன வாய். கீழ்க்காதில் ஒரு சிறு வெட்டுத் தழும்பு. நாட்டின் தாயே அவள்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அது நம் தையல்காரியின் முகம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில், அவளுக்கு இருபத்தாறு வயதில், புருஷன் நினைவிலிருந்து வெட்டிய முகம். கொண்டை அவளுடையது. கழுத்து அவளுடையது. காதுத் தழும்புகூட அவள் ஏழு வயதில் சன்னல் கம்பியில் கிழித்துக்கொண்டதுதான்.

மூக்கு மட்டும் அவளுடையது இல்லை.

அம்மாக்காசின் மூக்கு எடுப்பான மூக்கு. நெற்றியிலிருந்து இறங்கி, நடுவில் ஒரு சின்ன மேடு கட்டி, நுனியில் லேசாக வளைந்து நிற்கும். தையல்காரிக்கோ சப்பை மூக்கு. முகத்தில் மூக்கு இருக்கிறது என்று சொல்வதைவிட, மூக்குக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

காசு வெளியான அன்று அச்சுக்காரர் தெருவெல்லாம் போய், "என் வீட்டுக்காரி முகம்தான்," என்று சொல்லிவிட்டு வந்தார். வாழ்க்கையில் அவர் பெருமை அடித்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான். தெரு காசைப் பார்த்தது. தையல்காரியைப் பார்த்தது. மறுபடி காசைப் பார்த்தது. பிறகு மூக்கின் மேல் விரல் வைத்தது. மறுநாளே அவளுக்கு "முக்காக்காசு" என்று பெயர் விழுந்துவிட்டது. முக்கால் பங்கு அவள், கால் பங்கு யாரோ. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

"யாரோட மூக்குங்க அது?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"உன்னோடதுதான்."

"கண்ணாடியில பாத்துட்டுத்தான் கேக்கறேன். இது என் மூக்கா?"

"உன்னை நினைச்சுத்தான் வெட்டினேன். அப்புறம் எப்படி வேற யாரோடதாவோ ஆகும்?"

இந்த ஒரு பதிலை அவர் முப்பத்தெட்டு வருடமாக மாற்றவே இல்லை. பொய் சொல்கிறவன் நாலு தடவை கேட்டால் நாலு விதமாகச் சொல்வான், ஒரு இடத்தில் பிடித்துவிடலாம். இந்த மனிதரை எங்கே பிடிப்பது?

அவள் தேட ஆரம்பித்தாள். துணி தைக்க வருகிற பெண்களைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகை அளப்பாள், பக்கவாட்டில் நிற்கச் சொல்லி மூக்கைப் பார்ப்பாள். ஆலையில் கணக்கெழுதிய பெண், எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர், பால் ஊற்றுகிறவள், பல் டாக்டர் என்று ஒருத்தியையும் விடவில்லை. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பக்கத்துச் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து இரண்டு தடவை அடி வாங்கப் பார்த்தாள். நாட்டில் எந்தப் பொருள் வாங்கப் போனாலும் அந்த மூக்கு கைக்கு வந்தது. காய் வாங்கினால் மிச்சம் தருகிற காசில் அது. குழந்தை கையில் அது. அவள் பெற்ற கூலியில் அது. புருஷன் தப்புப் பண்ணினால் ஒரு வீட்டுக்குள் மறைத்து வைப்பான். இவர் பண்ணின தப்பை அரசாங்கமே கோடிக்கணக்கில் அடித்து விநியோகம் செய்தது!

கடைசியில் தேடல் எங்கே போய் முட்டியது தெரியுமா? கூடப் பிறந்த தங்கையிடம்.

தங்கை மூக்கும் முழியுமாக இருப்பாள். இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். அச்சுக்காரர் மாதம் ஒருமுறையாவது அங்கே போய்க் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டு வருவார். திருகை முடுக்க எத்தனை தடவை போவது? தையல்காரிக்குப் பொறி தட்டியது. இருபது வருடத்துக்கு முன் ஒருநாள், சட்டைக்கு அளவு எடுக்க என்று தங்கையை நிற்க வைத்து, தோளிலிருந்து டேப்பை மெல்ல மேலே ஏற்றி, நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் வைத்துவிட்டாள்.

தங்கை அசையாமல் நின்றாள். பிறகு, "மூக்குக்கும் கை வச்சுத் தைக்கப் போறியாக்கா?" என்று கேட்டாள்.

அக்கா அளவை முணுமுணுத்துச் சிட்டையில் எழுதிக்கொண்டாள். தங்கை டேப்பைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். அதன்பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அச்சுக்காரர் அந்தக் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவானது.

அன்றிலிருந்து அவர் புதுக் கண்ணாடி போடவில்லை. வேறு கடைக்குப் போகவும் அவருக்கு மனம் வரவில்லை. திருகு விழுந்தபோது, மனைவியின் டப்பாவிலிருந்து நீல நூலை எடுத்து இடது காம்பைக் கட்டிக்கொண்டார். இருபது வருடமாக அதே கண்ணாடி, அதே முடிச்சு. உலகம் அவருக்கு மங்கலாகத்தான் தெரியும். அதனாலேயோ என்னவோ, யார் மேலும் கோபமும் வராது. கல்யாணமான நாளிலிருந்தே அவர் கண்ணாடியைத் தூங்கும்போதும் கழற்ற மாட்டார். கழற்றினால் கனவு தெரிவதில்லை என்பார். மூக்கின் மேல் பாதியை மூடிக்கொண்டு அந்தத் தடித்த கறுப்புக் கண்ணாடி எந்நேரமும் உட்கார்ந்திருக்கும்.

ஆக, கடிதம் வந்த அன்று தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நிபந்தனை போட்டாள்.

"போங்க. வெட்டுங்க. ஆனா இந்தத் தடவை என் மூக்கு இருக்கணும். இல்லன்னா ஆலையிலயே படுத்துக்குங்க. வீட்டுக்கு வரவேண்டாம்."

"பழைய காசு மாதிரியே இருக்கணும்னு போட்டிருக்கே."

"பழைய காசை எவன் பாத்தான்? எல்லாத்தையும் உருக்கியாச்சே!"

"பழசுலயும் உன் மூக்குதான்," என்றார் அச்சுக்காரர்.

அவள் அடுப்படிக்குப் போய் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் வரும். மூக்கே குட்டை என்பதால் சீக்கிரம் வந்துவிடும். பிறகு டேப்பை எடுத்துத் தன் மூக்கைத் தானே அளந்து, நீளம், உயரம், நுனிச் சுற்றளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் திணித்தாள். கொள்கை என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை அவள்.

அச்சுக்காரர் ஆலைக்குப் போனார். அங்கே ஒரு குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் ஒருவர், உறுப்பினர் நாலு பேர். அவர்களுக்கும் ஒரு சிக்கல். உருக்காமல் விட்ட அம்மாக்காசு நாட்டிலேயே ஒன்றே ஒன்றுதான், அருங்காட்சியகத்தில். அதை அங்கிருந்த காவலாளி பதினைந்து வருடமாகத் தினம் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று பக்தியோடு துடைத்திருக்கிறார். முகத்திலேயே மேடான இடம் மூக்குதானே! நாட்டின் மூக்கு துணியோடு போய்விட்டது. நெற்றியிலிருந்து நேரே உதடு.

குழு ஏழு நாள் கூடிப் பேசியது. உள்ளது உள்ளபடி மூக்கில்லாமலே வெளியிடலாம், அதுதான் வரலாற்றுக்கு உண்மையாக இருப்பது என்றார் ஓர் உறுப்பினர். எல்லாத் தரப்பு மூக்குகளையும் கலந்து பொதுவான ஒரு மூக்கு வைக்கலாம் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் இரண்டையும் ஆமோதித்தார். கடைசியில் தலைவர்தான், "முகத்துக்குச் சொந்தக்காரி உயிரோடதானே இருக்காங்க? அந்தம்மாவையே கூப்பிட்டுக் காட்டுவோம். இதுதான்னு அவங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது," என்றார். ஏழாவது நாள் ஓர் அறிவுள்ள வார்த்தை வந்ததற்கு அன்று மதியம் விடுமுறை விட்டார்கள்.

இப்படித்தான் தையல்காரி வாழ்க்கையில் முதல் தடவையாக நாணய ஆலைக்குள் போனாள். குடும்பத்தார் உள்ளே போகக் கூடாது என்பது ஆலையின் விதி. முப்பது வருடம் புருஷன் எங்கே உட்கார்ந்து எப்படி வேலை செய்தார் என்று அவள் பார்த்ததே இல்லை.

வாசலில் ஒரு தராசு இருந்தது. காசு எடை பார்க்க இல்லை, ஆள் எடை பார்க்க. உள்ளே போகும்போது என்ன எடையோ, வெளியே வரும்போதும் அதே எடை இருக்க வேண்டும். தேநீர் குடித்தால் நூற்றைம்பது கிராம் என்று சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கழிவறைக்குப் போனால் அதற்கும் ஒரு சீட்டு. அதில் எப்படி எழுதுவார்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

"சட்டையில என்னம்மா மின்னுது?" என்றார் வாசல் காவலர்.

"குண்டூசி."

"கழட்டுங்க."

கழற்றினாள். காலரில் பதினொன்று, தோளில் எட்டு, கைமடிப்பில் ஏழு, இடுப்புப் பட்டியில் பதினைந்து. மொத்தம் நாற்பத்தொன்று. காவலர் ஒவ்வொன்றாக எண்ணி ஒரு தட்டில் வைத்தார். "இதையெல்லாம் குத்திக்கிட்டு எப்படிம்மா நடமாடறீங்க?" என்று கேட்டார்.

"பழகிடுச்சு," என்றாள்.

டேப்பை மட்டும் விடவில்லை. "இது சாட்சிக்கு வேணும்," என்று பிடிவாதம் பிடித்தாள். காவலர் மேலிடத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, டேப்போடு சேர்த்து அவளை நிறுத்து, அறுபத்தோரு கிலோ நானூறு என்று எழுதிக்கொண்டார்.

வெட்டிய அச்சு அந்த அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்பது இன்னொரு விதி. ஆகவே அச்சு குழுவைத் தேடி வரவில்லை, குழு அச்சைத் தேடிப் போனது. தலைவர் முன்னால், நாலு உறுப்பினர்கள் நடுவில், தையல்காரி கடைசியில். நீளமான நடை. இரண்டு பக்கமும் இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்தன. எண்ணெய் வாசனை. அவளுக்கு அது புருஷனின் சட்டை வாசனை. முப்பது வருடம் அவள் தோய்த்துத் தோய்த்துப் போகாத வாசனை.

கதவைத் திறந்தார்கள். அச்சுக்காரர் கதவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட வாயெடுத்த தலைவரை அங்கே நின்றிருந்த ஆலை மேலாளர் தடுத்தார். "கை ஓடும்போது கூப்பிடக் கூடாதுங்க. ஒரு இழுப்பு தவறினா மொத்த அச்சும் போச்சு."

எல்லோரும் காத்து நின்றார்கள். தையல்காரி மட்டும் எட்டிப் பார்த்தாள்.

அச்சு வெட்டுகிற வேலை தலைகீழ் வேலை. காசில் மேடாக வர வேண்டியதை எஃகில் பள்ளமாக வெட்ட வேண்டும். இடது பக்கம் பார்க்க வேண்டிய முகம் வலது பக்கம் பார்க்க வேண்டும். வெட்டியது சரியா என்று பார்க்க மேசைமேல் இரண்டு கண்ணாடிகள் நிறுத்தியிருப்பார்கள், நேராக ஒன்று, சாய்வாக ஒன்று. வெளியிலிருந்து படமோ தாளோ எதுவும் அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. மனதில் இருப்பதைப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். அவள் எழுதிக் கொடுத்த மூக்கு அளவைக்கூட வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு, அதை அவர் மனப்பாடம் பண்ணின பிறகுதான் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

அவருடைய மூக்குக் கண்ணாடி மேசை ஓரத்தில் நீல நூலோடு மல்லாந்து கிடந்தது. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு வேலை செய்பவர் அதையும் எப்படிப் போட்டுக்கொள்வார்? அவர் சற்றே தலையை நிமிர்த்தினார். சாய்ந்த கண்ணாடியில் ஒரு பக்கவாட்டு முகம் விழுந்தது.

நெற்றியிலிருந்து இறங்கி, நடுவில் ஒரு சின்ன மேடு கட்டி, நுனியில் லேசாக வளைந்து நின்றது மூக்கு.

தையல்காரி மூச்சு விட மறந்தாள். முப்பத்தெட்டு வருடமாகப் பேருந்திலும் கடைத்தெருவிலும் பல் டாக்டரின் நாற்காலியிலும் தேடிய மூக்கு! பெண்களின் முகத்தில்தானே தேடினாள்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று கேட்டிருக்கிறாள். இவள் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவள் முகத்தை மனதில் வைத்துக் கொண்டையை வெட்டினார், கழுத்தை வெட்டினார், காதுத் தழும்பைக்கூட விடாமல் வெட்டினார். மூக்குக்கு வந்ததும் தடுமாறியிருக்கிறார். நினைவில் நிற்கிற மூக்கா அது? யோசிக்கத் தலையை நிமிர்த்தியிருக்கிறார். கண்ணாடிக்குள் ஒரு மூக்கு தயாராக நின்றிருக்கிறது. யாருடையது என்று பார்க்க மனிதருக்குக் கண் ஏது? மனைவியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், ஆகவே மனைவியின் மூக்குதான் என்று கை வெட்டிவிட்டது. பிறகும் அவருக்குத் தெரிய வழியில்லை. கண்ணாடி போடாவிட்டால் அவருக்குத் தன் முகம் தெரியாது, போட்டால் மூக்கு தெரியாது.

பொய்யே சொல்லவில்லை அவர். ஒரு நாளும் சொல்லவில்லை. தையல்காரிக்கு அழுகை வந்தது. குழுவுக்கு முன்னால் அழக் கூடாதென்று அடக்கினாள், அடங்கவில்லை. தலைவர் தேநீர் வரவழைத்து, சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அச்சுக்காரர் உளியை வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பினார். மூக்கு மறைந்துபோனது. மனைவியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வந்துட்டியா? இப்பதான் முடிச்சேன். நீ சொன்ன அளவுதான். ஒரு நூல் கூட மாறல." ஈயத்தில் அடித்துப் பார்த்த மாதிரியை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

பார்த்தாள். அவளேதான். கொண்டை அவள், கழுத்து அவள், மூக்கும் அவள். அச்சு அசலாகச் சப்பை மூக்கு. இதற்காகத்தானே இத்தனை வருடம் சண்டை போட்டாள்? ஊரே இனி முழுக்காசு என்று சொல்லும். கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

"நாலு தடவை வெட்டினேன்," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "மொதல் தடவை கை தானா பழைய மாதிரியே போயிடுச்சு. உனக்குப் பிடிக்காதேன்னு தூக்கி வச்சுட்டேன்."

"அது எங்க?"

"எது?"

"மொதல்ல வெட்டினது."

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த மாதிரியை அவள் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் நெற்றி, அவர் மூக்கு, அவள் வாய். ஒரே முகத்தில் இரண்டு பேர். இருபத்து மூன்று வருடம் நாடு முழுக்கச் சட்டைப்பையிலும் முந்தானை முடிச்சிலும் வைத்துக்கொண்டு திரிந்தது அவர்கள் இரண்டு பேரையும்தான். அவளுக்குத்தான் தெரியவில்லை. உருக்கிய அன்று இனிப்பு வாங்கி வந்து தின்றாளே, பாவி!

"சொல்லுங்கம்மா," என்றார் தலைவர். "எது உங்க மூக்கு?"

கேள்வி கேட்ட தலைவர் அவள் முகத்துக்கு நேரே நின்றிருந்தார். நாலு உறுப்பினர்களும் நின்றிருந்தார்கள். எது அவள் மூக்கு என்று பார்க்கக் கண் இருந்தால் போதும். கையில் டேப்புகூட இருந்தது.

"இது," என்று இழுப்பறையிலிருந்து வந்ததைக் காட்டினாள்.

குழு மாதிரியைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. மறுபடி மாதிரியைப் பார்த்தது. விரல் மூக்குக்குப் போகப் பார்த்தது.

"நிச்சயமாத்தானா?" என்றார் உறுப்பினர் ஒருவர்.

"என் மூக்கு எனக்குத் தெரியாதா? வயசானா மூக்கு அமுங்கிடும். உங்களுக்கும் அமுங்கும், அப்பத் தெரியும். எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டாள். விதிப்படி முகத்துக்குச் சொந்தக்காரி சொன்னால் சொன்னதுதான். குழுவுக்கும் நிம்மதி, எட்டாவது நாள் கூட வேண்டியதில்லை.

அச்சுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவர் ஜெயித்த முதல் வாதம் அது. "நான்தான் சொன்னேனே!" என்றார். "முப்பத்தெட்டு வருஷமா சொல்றேன். அது உன் மூக்குதான், உன் மூக்குதான்னு. கேட்டியா? மேலாளர் சார், நான் சொல்லல?"

"சொன்னீங்க, சொன்னீங்க," என்றாள். அவர் தப்பாக ஜெயித்திருக்கிறார் என்று சொல்ல ஒரு நொடி நாக்குத் துடித்தது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கடித்துக்கொண்டாள். இனி சாகும்வரை இந்தப் பெருமையைக் கேட்டாக வேண்டும். கேட்டுக்கொள்வோம் என்று நினைத்தாள்.

வெளியே வரும்போது காவலர் தராசைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஒரு தேநீர் குடிச்சிருக்கீங்க. கூடணும். ஆனா சீட்டுல இருக்கற அளவுக்குக் கூடலையே?"

"அழுதேன்."

"கண்ணீர் இத்தனை கிராம் வராதும்மா. உள்ள எதையோ விட்டுட்டு வந்திருக்கீங்க."

அப்போதுதான் நினைவு வந்தது. டேப்பை அவர் மேசையிலேயே வைத்துவிட்டாள். "டேப்பு. அது இருக்கட்டும். இனிமே வேணாம்."

"வேணாம்னு சொன்னா ஆகாது. உள்ள போனது வெளிய வந்தே ஆகணும்." ஆள் அனுப்பி, டேப்பை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, நாற்பத்தொரு குண்டூசிகளோடு அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். இந்த நாட்டில் மனம் உருகி எதையாவது விட்டுவிட்டு வரக்கூட வழியில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவள் வேறு தெருவில் திரும்பினாள். அச்சுக்காரர் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் "நான்தான் சொன்னேனே," என்று சொல்லிக்கொண்டு வந்தவர், எந்தக் கடைவாசலில் நிற்கிறோம் என்று தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

தங்கை கல்லாவுக்குப் பின்னால் ஒரு சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடி நரைத்திருந்தது. மூக்கு அப்படியே இருந்தது. அக்காவைப் பார்த்ததும் துடைத்த கை நின்றது.

"இவருக்குக் கண்ணாடி மாத்தணும்," என்றாள் தையல்காரி. இருபது வருடம் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தைக்கு வேறென்ன சொல்வது?

தங்கை நாற்காலியைக் காட்டினாள். அச்சுக்காரர் உட்கார்ந்தார். நீல நூல் முடிச்சைத் தங்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது உன் நூல்தானேக்கா?" என்று கேட்டுவிட்டு, கத்தரியால் வெட்டிக் கண்ணாடியைக் கழற்றினாள். அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் தங்கை. நடுவில் அம்மாக்காசு.

தங்கை இழுப்பறையின் அடியில் கைவிட்டு எதையோ எடுத்து மேசையில் வைத்தாள். உண்மையான பழைய அம்மாக்காசு ஒன்று. வைத்திருந்தால் ஜெயில். தேயாத, துடைக்காத, முழு மூக்கோடு இருந்தது. அவள் காசைப் பார்த்தாள், அத்தானின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"இப்பவாவது தெரிஞ்சுதா?"

தையல்காரி காசைத் தன் பக்கம் நகர்த்தினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ டேப்பைத் தூக்கறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே. மாசத்துக்கு ஒருதரம் இந்த மூக்குமேல கண்ணாடியைச் சரி பண்ணி உக்கார வைக்கறது நான்தானே?"

"ஏன்டி சொல்லல?"

"நீ கேட்டியா?" தங்கையின் குரல் உடைந்தது. "அளந்தியே தவிர, ஒரு வார்த்தை கேக்கலையேக்கா."

தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உறையிலிருந்த டேப்பும் குண்டூசிகளும் மேசையில் விழுந்தன. தப்பு என்று வாயால் சொல்ல வரவில்லை, கையை விடவும் இல்லை. தங்கையும் இழுத்துக்கொள்ளவில்லை.

எதுவும் தெரியாத அச்சுக்காரர் இருவர் குரலும் வரும் திசையைப் பார்த்து மாறி மாறித் திரும்பினார். "என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்?"

"மூக்கைப் பத்திதான் அத்தான்," என்றாள் தங்கை.

"அதான் இன்னிக்குக் கையெழுத்தே போட்டாச்சே!" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க அக்காவையே கேளு. அது யாரோட மூக்கு?"

தையல்காரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடுவில் மேடு கட்டிய அந்த மூக்கைப் பார்த்தாள்.

"என்னோடதுதாங்க," என்றாள். "தலையை ஆட்டாம உக்காருங்க, அவ அளவு எடுக்கட்டும்."